வீடு உள்ள கதைகள்

ஆனி பிறந்து, மேற்கு மலைக் கணவாய் வழியே ஈரக் காற்று நுழைந்து, குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் தனிக் கலகலப்பு உண்டாவது வழக்கம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் விடுப்பில் வந்தோர், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்மக்கள், அவர்தம் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். காலையில் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ போய்க் குளித்துத் திரும்பினால், பிற்பகல் முழுவதும் ஓய்வுதான். அந்த ஓய்வில் எதைப் படிப்பது, எந்தப் படத்தைப் பார்ப்பது என்ற வினா இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. அதற்கு நாமும் நமக்கெட்டிய அளவில் விடை கூற விரும்புகிறோம்.

நம் வீடுகளில் இவ்வினாவுக்கு நெடுங்காலமாக இரண்டே விடைகள் இருந்து வருகின்றன. கதையும் சினிமாவும் நமக்கு ஆகாதவை என்பது ஒன்று. எது கிடைத்தாலும் பார்த்துத் தள்ளுவது என்பது மற்றொன்று. முன்னதைப் பெரியவர்கள் சொல்லுவார்கள். பின்னதை இளையவர்கள் சொல்லாமலே செய்வார்கள். வாசற்கதவை அடைத்து வைத்தாலும் கைப்பேசியின் வழியே படம் உள்ளே வந்துவிடுகிற காலம் இது. தேர்ந்தெடுத்துக் கொடுப்பார் இல்லையென்றால், தேராததுதான் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரும்.

கதை நமக்குப் புறம்பானது என்று கருதுவோர் நம் பாட்டிமார்களின் இரவுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு மசலாவும், படைப்போர்களும், சைத்தூன் கிஸ்ஸாவும் அரிக்கேன் விளக்கின் ஒளியில் ராகத்தோடு வாசிக்கப்பட்ட வீடுகள் இவை. ஞானப்புகழ்ச்சி பாடிய பீர்முகம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியவர்கள் என்பது நாமனைவரும் அறிந்ததே. சுவை என்பதையே வாழ்வாகக் கொண்டு குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. (1882–1954) ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால், ‘இது யாருடைய பாட்டு’ என்று கேளாமல், ‘இதில் உயிர் இருக்கிறதா’ என்று கேட்டவர். நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பனைத் தோய்ந்து கற்றுக் கழகம் கண்டதும் இந்தச் சுவையின் வழியில்தான். ஆகவே கதையைக் கையில் எடுப்பதற்கு நாம் யாரிடமும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதில்லை.

நிற்க. தேர்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? கதையில் வருகிற முஸ்லிம் நல்லவனா கெட்டவனா என்று பார்ப்பதே நம்மவர்களின் வழக்கம். நல்லவனாயிருந்தால் மகிழ்கிறோம், கெட்டவனாயிருந்தால் கண்டனம் எழுதுகிறோம். இந்த அளவுகோல் நம்மைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறது. நாம் வேறொன்றைச் சொல்லுகிறோம். அந்த மனிதனுக்குக் கதையில் ஒரு வீடு இருக்கிறதா? அடுப்பங்கரையும், கடன்காரனும், மாமியார் மருமகள் மனத்தாங்கலும், பிழைப்புக்கு ஒரு தொழிலும் இருக்கின்றனவா? இருந்தால் அவன் மனிதன். இல்லாவிட்டால், தொப்பி வைத்த ஒரு பொம்மை. நல்ல பொம்மையா, கெட்ட பொம்மையா என்பதில் பெரிய வேறுபாடில்லை.

நம் ஊருக்குப் பக்கத்திலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். 1992 ஆகஸ்டு 15-ல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம்; தென்காசியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவு. அந்தப் படத்தின் முற்பகுதியில் கிராமத்தைக் காட்டியிருக்கிற அழகை யாரும் குறைகூற முடியாது. வயலும், கேலி பேசும் கிழவிகளும், அக்காளைப் பெண் பார்க்க வந்தவன் தங்கையைக் கேட்கிற குழப்பமும் உயிருள்ளவை. ஏ.ஆர். ரஹ்மான் அறிமுகமான இசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கதை காஷ்மீருக்குப் போனதும் இந்த உயிர் எங்கே போயிற்று? சுந்தரபாண்டியபுரத்துக் கிழவிக்குக் கிடைத்த குறும்பும் பேச்சும் அங்கே ஒருவருக்கும் இல்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் இருக்கிறார்கள்; தொழுகை இருக்கிறது; எரியும் கொடி இருக்கிறது. அடுப்பு எரிகிற வீடொன்றும் கண்ணில் படவில்லை. உணவு கொண்டுவந்து வைத்துக் கடைசியில் கைதிக்கு உதவும் ஓர் இளம்பெண் வருகிறாள்; அவளுடைய முகத்தில் ஒரு பெருங்கதை எழுதப்பட்டிருக்கிறது; அவளைப் பேசவிடத்தான் படத்துக்கு மனமில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருது இப்படத்துக்குக் கிடைத்தது. படம் வந்த நான்காம் மாதத்தில், டிசம்பர் 6-ல், அயோத்தியில் என்ன நடந்தது என்பதையும் நாடறியும். ஒன்றுக்கொன்று காரணம் என்று நாம் கூறவரவில்லை. எதிரே இருப்பவனின் வீட்டைக் காட்டாத கலை, தன் ஊரை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் பாதிக்கலைதான் என்கிறோம்.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். 1961-ல் பீம்சிங் இயக்கிய ‘பாவமன்னிப்பு’ நம் வீடுகளில் பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்ட படம். சிவாஜி கணேசனின் ரஹீம் அப்பழுக்கற்ற உத்தமன், டி.எம். சௌந்தரராஜனோடு நம் நாகூர் ஹனீபாவும் சேர்ந்து பாடியிருக்கிறார். அதைக் குறைசொல்ல நமக்கே வாய் வராது. ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டுமே! ரஹீம் பிறப்பால் வேறு வீட்டுப் பிள்ளை. முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்பட்டவன். ஒற்றுமைக்கு உருவகமாக நிற்பதே அவனுடைய வேலை. நாளைக்கு அரிசி வாங்கவேண்டிய கவலை அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உபதேசிக்கிற படமாக இதை மதிக்கலாம்; நம் வாழ்வைக் காட்டுகிற படம் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் நம் வாழ்வைக் காட்டுகிற படம் எது? தயக்கமின்றிச் சொல்லுவோம்: எம்.எஸ். சத்யூவின் ‘கரம் ஹவா’. 1973-ல் எடுக்கப்பட்ட உருதுப் படம். இஸ்மத் சுக்தாயின் கதையை வைத்துக் கைஃபி ஆஸ்மி முதலானோர் எழுதியது. ஆக்ராவில் செருப்புத் தயாரிக்கும் சலீம் மிர்ஸா என்பவரின் குடும்பம், பிரிவினைக்குப் பின் என்ன ஆகிறது என்பதுதான் கதை. ஒருவர் பின் ஒருவராக உறவினர்கள் ரயிலேறிப் பாகிஸ்தான் போய்விடுகிறார்கள். மிர்ஸா மட்டும் போகமறுக்கிறார். வங்கியில் கடன் கிடைக்கவில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் பெயரைக் கேட்கிறார்கள். கத்தியும் ரத்தமும் இந்தப் படத்தில் ஏறக்குறைய இல்லை. எல்லாம் மெதுவாக, மரியாதையாக நடக்கிறது. அதனாலேயே நெஞ்சு பதைக்கிறது.

அந்த வீட்டில் ஒரு முதிய தாய் இருக்கிறார். பூர்வீக வீடு பாகிஸ்தானுக்குப் போய்விட்ட மூத்த மகனின் பெயரில் இருந்ததால் கைவிட்டுப் போகிறது. வெளியேறும் நாளில் அந்த அம்மையார் விறகு அடுக்கும் மூலையில் போய் ஒளிந்துகொள்கிறார். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. உயிர் பிரியும் வேளையில் அவரைப் பல்லக்கில் வைத்து அந்தப் பழைய வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். மணப்பெண்ணாக எந்த வாசலில் வந்திறங்கினாரோ அதே வாசல். கல்யாண ஊர்வலத்தின் ஓசை அவருடைய காதில் கேட்பதுபோல் காட்டுகிறார்கள். உருது தெரியாத நம் வீட்டுப் பெரியம்மாமார்கள் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை கேட்கமாட்டார்கள். மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் ஸாஹனி ராவல்பிண்டியில் பிறந்தவர். படம் திரைக்கு வருமுன்பே, 1973 ஏப்ரலில் மறைந்தார். இறுதியில் தந்தையும் மகனும் வேலை கேட்டுச் செல்லும் ஊர்வலத்தில் கலப்பது சற்று நாடகமேடைத்தனம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதனால் படத்தின் பெருமை குறையவில்லை. மகள் ஆமினாவின் முடிவு மிகக் கொடிது. சிறுபிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டாம்.

வடக்கே அவ்வளவு தூரம் போகாமல், மலைக்கு மேற்கே பார்ப்போருக்கும் பெருஞ்செல்வம் உண்டு. தென்காசியார்க்கு மலையாளம் அயல்மொழியல்ல. 1904-ல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்குமிடையே ரயில் ஓடத்தொடங்கிய நாள் முதல் மிளகும் துணியும் சம்பந்தமும் இரு பக்கமும் போய்வந்திருக்கின்றன. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே! ஆயினும் வைக்கம் முகம்மது பஷீரைப் (1908–1994) படித்தவர்களை நம் தெருக்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது வருத்தத்துக்குரியது.

பஷீரின் ‘எங்க உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது’ 1951-ல் வந்த சிறு நாவல். தமிழிலும் கிடைக்கிறது. குஞ்ஞுபாத்தும்மாவின் தாயார் எந்நேரமும் தம் தகப்பனாரின் யானையைப் பற்றிப் பெருமை பேசுவார். சொத்தெல்லாம் வழக்கில் போய், ஓட்டைக் குடிசைக்கு வந்த பிறகும் யானை மட்டும் வாயிலிருந்து இறங்காது. பக்கத்தில் குடிவந்த படித்த குடும்பத்தாரைக் கண்டு அவர் முகஞ்சுளிப்பதும், மகள் அதே வீட்டில் எழுத்துக் கற்கத் தொடங்குவதும் கதை. கடைசியில் தெருப்பிள்ளைகள், அந்த யானை வெறும் குழியானை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மண்ணில் குழிபறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அந்தச் சிறு பூச்சி! பழம்பெருமை பேசும் வீடு நம்மில் எத்தனை என்று நாம் எண்ணத் தொடங்கும்போது நமக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. சாடுகிற எழுத்தாளர் பலர் உண்டு. சாடப்படுபவரை இவ்வளவு அன்போடு சாடியவர் பஷீரைப் போல் வேறொருவரை நாம் கண்டதில்லை.

அவருடைய ‘மதில்கள்’ கதையை 1990-ல் அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கினார். கதையைச் சுகுமாரன் தமிழாக்கியிருக்கிறார். அரசை எதிர்த்து எழுதியதற்காகச் சிறைப்பட்ட பஷீராகவே மம்முட்டி நடித்திருக்கிறார். சிறைக்குள் ரோஜாச் செடி வளர்க்கிறார். மதிலுக்கு அப்பாலுள்ள பெண்கள் சிறையிலிருந்து நாராயணி என்பவளின் குரல் வருகிறது. அவள் முகத்தை அவரும் காணவில்லை, நாமும் காணவில்லை. அவள் வந்து நிற்கிறாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழுந்து விழும் ஒரு காய்ந்த சுள்ளி. விடுதலை உத்தரவு வரும்போது அது துக்கச் செய்தியாக இருக்கிறது. வீடு என்று நாம் முன்பு சொன்னோமே, அதைக் கல்லுச் சிறைக்குள்ளும் உண்டாக்கிக் காட்டிய கலை இது. படம் மெதுவாக நகரும். அவசரக்காரர்கள் கதையைப் படித்துவிட்டுப் படத்துக்கு வருவது நல்லது.

இனி நமக்கு மிக நெருங்கியவரைப் பேசுவோம். தோப்பில் முஹம்மது மீரான், குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944-ல் பிறந்து, திருநெல்வேலிப் பேட்டையில் குடியிருந்து, மிளகாய் வற்றல் வாணிபம் செய்துகொண்டே எழுதியவர். 2019 மே மாதம் காலமானார். அவருடைய முதல் நாவலான ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ முதலில் தொடராக வந்தது ‘முஸ்லிம் முரசு’ இதழில்தான், 1988-ல் நூலாயிற்று. நமக்குள்ளிருந்து நம் பத்திரிகையிலேயே முளைத்த ஒரு நாவலைத் தமிழுலகம் தலையில் தூக்கிவைத்தது; 1997-ல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. நம் வீடுகளிலோ இன்றும் அந்நூல்கள் அரிது. ஏன்?

காரணம் தெரிந்ததே. ‘நம்மைக் கேவலப்படுத்துகிறார்’ என்றார்கள். கடலோரக் கிராமத்தில் அகமதுக்கண்ணு முதலாளி என்ற ஒரு செல்வர். பள்ளிவாசலும் ஊரும் அவருடைய கைக்குள். ஓதிப்பார்க்க வந்த தங்கள் ஒருவரின் பொய்க்கு ஊரே தலைசாய்க்கிறது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று தடுக்கிறார்கள். எதிர்த்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரியான மஹ்மூது ஒருவன்தான். இதில் கேவலம் எங்கே இருக்கிறது? அநியாயத்தைச் செய்தவனும் முஸ்லிம், அதை எதிர்த்தவனும் முஸ்லிம், எழுதியவரும் முஸ்லிம். அந்தக் கிராமத்தில் வீடு இருக்கிறது, கருவாட்டு நாற்றம் இருக்கிறது, கிழிந்த பாயில் படுத்தவன் வயிற்றெரிச்சல் இருக்கிறது. ‘ரோஜா’ நமக்குத் தரமறுத்ததை மீரான் அள்ளித் தந்திருக்கிறார். அவரைக் கடிந்துகொண்டு, உத்தம ரஹீமைக் கொண்டாடினோம் என்றால் நம் ரசனையைப் பற்றி என்ன சொல்வது?

மீரானிடம் குறையில்லாமலில்லை. அவருடைய செல்வந்தர்களுக்குச் சில நேரங்களில் ஓர் ஒளிக்கீற்றுக்கூட இல்லாமல் போய்விடுகிறது. மலையாளம் விரவிய அவருடைய பேச்சுமொழி தஞ்சைப் பக்கத்து வாசகரை முதல் ஐம்பது பக்கத்துக்குத் திணறவைக்கும். செங்கோட்டைக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. ‘சாய்வு நாற்காலி’யின் முஸ்தபாக்கண்ணு, மூதாதையர் விட்டுச்சென்ற பெரிய வீட்டில் நாற்காலியை விட்டு எழாமல், வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறவர். வீட்டுப் பெண்களை அடிப்பதற்கென்றே அவ்வீட்டில் ஒரு பிரம்பு உண்டு; அதன் பெயர் அதபுப் பிரம்பு. ஒழுக்கம் என்ற பொருளுடைய சொல்லை அடிக்கிற கோலுக்குப் பெயராக வைத்திருக்கிறார்களே, அந்த ஒரு சொல்லில் மீரான் சொல்லிவிட்டதை நாம் பத்துக் கட்டுரையில் சொல்ல முடியாது. இந்நூலை வீட்டில் ஆண்கள் முதலில் படிப்பது முறை.

அடுத்து நாம் பெயர் சொல்லப்போகும் நூலுக்கு வாசகர் சிலரிடமிருந்து கடிதம் வரும் என்பதை அறிவோம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-ல் வெளிவந்தது. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர் அவர். ரபியா என்னும் சிறுமி தோழிகளோடு வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய்விட்டு வந்து அடிவாங்குகிறாள். அந்த ஒரு பிற்பகல் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை அவள் மெல்லமெல்ல அறிந்துகொள்கிறாள். அவளைச் சுற்றியுள்ள பெண்கள் வஹிதா, பிர்தௌஸ் என்று பலர். அவர்களுடைய கல்யாணங்கள், ஆசைகள், தண்டனைகள். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கொச்சையும் கேலியும் அப்படியே அச்சேறியிருக்கின்றன. அதனால்தான் பலருக்குச் சினம். வீட்டுப் பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்கிறார்கள்.

நாம் இதை எளிதாக ஒதுக்கிவிடவில்லை. இந்நூல் வளர்ந்தவர்களுக்குரியது; பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கதன்று. ஆண்கள் இதில் பெரும்பாலும் நிழலாகவே வந்துபோகிறார்கள். அது நாவலின் பலவீனம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டுகிறோம். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கடல்கடந்து பிழைத்திருக்கிறார்கள். மணமான நாற்பதாம் நாளில் கப்பலேறியவர்களும், பிள்ளையின் முகத்தை மூன்றாம் வயதில் கண்டவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. அந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் இருந்த பெண்ணின் மனத்துக்குக் கணக்கெழுதியவர் யார்? சல்மா எழுதினார். கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை என்பதற்காகப் பேரேட்டைக் கிழிக்க முடியுமா?

போனவர்களின் கதையும் வந்துவிட்டது. மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ வளைகுடாவில் அயலானாக வாழ்வதன் கதை. சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கலங்கவைக்கிறது. பென்யாமினின் ‘ஆடு ஜீவித’மும் தமிழில் உண்டு, பாலைவனத்து ஆட்டுக்கிடையில் அடைபட்ட நஜீபின் துயரம். 2024-ல் பிளெஸ்ஸி அதைப் படமாக்கினார். படத்தின் பாலைவனம் பிரமாண்டமானது. நஜீபின் தனிமை நூலில்தான் அதிகம். நம் ஊரார் சிங்கப்பூரில் அமைத்த கடையநல்லூர் முஸ்லிம் லீக்கின் முயற்சியால் 1946-ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப்பள்ளி எழுந்து, 1982 வரை நடந்தது. அந்தப் பள்ளிக்கூடத்து மணியோசையிலிருந்து தொடங்கி ஒரு பெருநாவல் எழுதலாம். எழுதக்கூடியவர்கள் நம் வாசகர்களிடையே இருக்கக்கூடும்.

இத்தனை நவீன நூல்களைச் சொன்னதால், இவையெல்லாம் நேற்று வந்த பழக்கம் என்று யாரும் எண்ணவேண்டாம். கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை அவர்கள், ‘முஸ்லிம் நேசன்’ இதழை 1882-ல் தொடங்கியவர், ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை 1885-லேயே எழுதிவிட்டார். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி ஆறே ஆண்டுகளுக்குப் பின். எகிப்திலிருந்து பம்பாய், கல்கத்தா என்று சுற்றுகிற கதை. சம்பவங்களின் அடுக்கு இன்றைய வாசகருக்குச் சற்று அலுப்புத் தரும் என்பதை மறைப்பதற்கில்லை. வரலாற்று ஆர்வமுடையோர் தேடிப் படிக்கலாம். மற்றவர்கள் பெயரளவில் அறிந்திருந்தாலே போதும்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை அவ்வாறு விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. 1917-ல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது, இளமையிலேயே கணவரை இழந்தவர். 1938-ல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். அரசகுமாரர்களும் ஆள்மாறாட்டமும் நிறைந்த கதை. நாகூர்த் தெருவின் மணம் அதில் வீசாது என்பது உண்மைதான். நாம் மேலே வைத்த அளவுகோலின்படி அதற்கு மதிப்பெண் குறைவே. ஆனால் மூன்றாம் வகுப்போடு வீட்டுக்குள் நிறுத்தப்பட்ட ஒரு பெண், அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒரு நாட்டைக் கற்பனையில் கட்டி, அதற்கு ஓர் அரசனையும் நியமித்து, அவனுடைய கடமை இன்னதென்று தானே எடுத்துக் கூறியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வீடு எதுவாயினும், அந்த வீட்டுக்கு இந்நூலை முதலில் அனுப்பிவைப்போம்.